நொய்யல் வழக்கு உலகுக்குச் சொல்வது

2024 நவம்பரில் அஜர்பைஜானின் தலைநகர் பாகூவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாடு, குறித்த நாளில் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. பணம்தான் காரணம். வெப்பத்தையும் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கவும், தூய ஆற்றலுக்கு மாறவும் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் தேவை என்று வளரும் நாடுகள் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற அளவை எட்டுவோம் என்று பணக்கார நாடுகள் சொன்னதோடு மாநாடு முடிந்தது. இதை ஏற்க முடியாது என்று இந்தியப் பிரதிநிதி அரங்கிலேயே எழுந்து சொன்னார்.

கேடு யாரால் வந்தது, இழப்பு யாருக்கு நேர்ந்தது, ஈடு எவ்வளவு, அதைத் தர வேண்டியவர் யார்? அந்த அரங்கில் முடிவுக்கு வராத இந்தக் கேள்விகள் கொங்கு நாட்டுக்குப் பழையவை. நொய்யல் கரையில் இவை 1990களிலேயே எழுந்தன. பல ஆண்டுகள் வழக்காக நடந்து, தீர்ப்பாகி, ஓரளவுக்கு நிறைவேறியும் விட்டன. அந்தத் தீர்ப்பின் சுமையைத் தாங்கிய ஊர் திருப்பூர். உலகின் பருவநிலைப் பேச்சில் இந்த ஊரின் அனுபவத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பல வாதங்கள் தெளிவாகியிருக்கும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகக் காவிரியில் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட மண் இது. கிணற்றை நம்பி வெள்ளாமை செய்தவர்கள், நீர்மட்டம் கீழே போகப்போக, வேறு பிழைப்பைத் தேடினார்கள். திருப்பூரின் பனியன் கம்பெனிகளைத் தொடங்கியவர்களில் பலர் அப்படிக் காட்டை விட்டு வந்த விவசாயக் குடும்பத்தார். பின்னாளில் தென் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியிலிருந்தும், அதற்கும் பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். மழை கைவிட்ட மக்களுக்கு வேலை கொடுத்து வளர்ந்த ஊர் இது. 1980களின் நடுவில் இங்கிருந்து ஏற்றுமதியான ஆடைகளின் மதிப்பு ஆண்டுக்கு இருபது கோடி ரூபாயை எட்டவில்லை. இன்று அது நாற்பதாயிரம் கோடி ரூபாயை ஒட்டி நிற்கிறது. நாற்பது ஆண்டுகளில் இப்படி உயர்ந்த ஊர்கள் இந்தியாவில் மிகக் குறைவு.

அந்த உயர்வுக்கான விலையை ஆறு கொடுத்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான தண்ணீர் வேண்டும், கூடவே ஏராளமான உப்பும் வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொண்ட பின் உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை ஓரளவு நீக்கும். கரைந்த உப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் உப்புநீர் நொய்யலில் கலந்து, கீழே கிணறுகளுக்கும் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-ல் முடிந்தது. ஈரோடு, கரூர் பகுதிகளுக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிப் போராடுவதுதான் அணைக்குக் கீழே உள்ள விவசாயிகளின் வழக்கம். ஒரத்துப்பாளையத்தில் திறந்துவிடாதீர்கள் என்று கேட்டார்கள். தமிழகத்தின் பாசன வரலாற்றில் இதைவிடத் துயரமான கோரிக்கையைத் தேடுவது கடினம்.

அந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைகள் தொடர்பாக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுக்கு வழி திறந்திருந்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் தடுப்பதும் கடமை என்ற இரண்டு நெறிகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. அதன் விளைவாகத் தமிழ்நாட்டில் சூழல் இழப்பைக் கணக்கிட்டு ஈடு வழங்க ஓர் ஆணையம் அமைந்தது. நொய்யல் படுகையில் பாதிக்கப்பட்ட 28,500-க்கும் மேற்பட்ட விவசாயிகளை அது அடையாளம் கண்டு, ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீட்டை 2004-ல் நிர்ணயித்தது. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராத தொகை. உவர்ந்துபோன தோட்டத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் கேடு, இழப்பு, பொறுப்பு மூன்றையும் ஒரே கணக்கில் எழுதி, தொகையும் குறித்து, அதைத் தர வேண்டியவர் கையில் கொடுத்த நிகழ்வு அது. எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி உருவானது 2022-ல். அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே அந்தக் கருத்துக்கு நொய்யல் படுகையில் சட்ட வடிவம் இருந்தது.

வழக்கு அத்தோடு நிற்கவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்து போராடியது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டும்படி பட்டறைகளுக்குக் கெடு விதித்தது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை அபராதம் என்றது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதி செய்தது. பிறகும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றால் கட்டிங் நிற்கும், தையல் நிற்கும், செக்கிங் நிற்கும். துணியை லூதியானாவுக்கும் குஜராத்துக்கும் அனுப்பிச் சாயமேற்றி வரவழைத்தார்கள். வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின.

திருப்பூர் அந்த அடியிலிருந்து எழுந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டிகளும், உப்புநீரைக் காய்ச்சி உலர்த்தும் ஆவியாக்கிகளும் வந்தன. மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. பட்டறைக்காரர்களும் தங்கள் பங்கையும் வங்கிக் கடனையும் போட்டார்கள். இன்று பதினெட்டுப் பொது நிலையங்கள் வழியாக நாளுக்குச் சுமார் 13 கோடி லிட்டர் நீர் மறுசுழற்சியாகிறது என்று தொழில் துறை சொல்கிறது. இந்த அளவில் இப்படிச் செய்யும் ஆடைத் தொழில் நகரங்கள் உலகத்தில் அரிது. கலப்பு உப்பை எங்கே வைப்பது, ஆவியாக்கி குடிக்கும் மின்சாரத்துக்கும் கொதிகலனுக்குப் போகும் விறகுக்கும் என்ன செய்வது என்ற சிக்கல்கள் இன்னும் தீரவில்லை. ஆனாலும் சட்டத்துக்குப் பணிந்து ஒரு தொழில் தன்னை மாற்றிக்கொண்டது என்பது உண்மை.

இங்கே ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. ஒரத்துப்பாளையத்தில் தேங்கியது யாருடைய சாயம்? பட்டறைக்காரரின் பெயரில்தான் அபராதச் சீட்டு வந்தது, சட்டப்படி அது சரியே. ஆனால் அந்தச் சாயம் ஏறிய சட்டைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றன. எந்த நிறம், எத்தனை நாளில், எந்த விலைக்கு என்பதைத் தீர்மானித்தவர்கள் அங்கிருந்த வணிக நிறுவனங்கள். குறைந்த விலையின் பலன் அங்குள்ள வாங்குவோருக்குக் கிடைத்தது. செலவு நொய்யலோடு நின்றது. ஆற்றைச் சீராக்கும் தொகையில் ஒரு பங்கை அவர்கள் ஏற்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. நம் நீதிமன்றத்தின் கை கடல் தாண்டி நீளாது. மாசு செய்தவர் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி, சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவரைப் பிடித்து அங்கேயே நின்றுவிட்டது.

பருவநிலை நிதி என்று உலகம் பேசுவதன் சாரம் இதுதான். அந்த நெறியை மேலே, பலன் பெற்றவர் வரை கொண்டுபோவது. இதுவரை நடந்தது என்ன? 2009-ல் கோபன்ஹேகனில் 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. இரண்டு ஆண்டு தாமதித்து 2022-ல்தான் அந்த அளவு எட்டப்பட்டது. அரசுகள் வழியாக வந்த அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடன். கேடு செய்தவர் ஈடாகத் தர வேண்டியதைக் கடனாகத் தந்து, வட்டியும் வாங்குகிறார் என்று பொருள். இழப்புக்கும் சேதத்துக்குமான நிதிக்கு வாக்களிக்கப்பட்ட மொத்தமோ 100 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. உலகத்தின் ஒரு பெருவெள்ளத்துக்குக்கூட அது போதாது. நொய்யல் விவசாயிக்குக் கிடைத்த தொகை குறைவு என்று வருந்தும் நாம், அந்தக் குறை உலக அளவில் எத்தனை மடங்காகத் திரும்ப நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சரியான பணம், சரியான கையில், சரியான நேரத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே மண்ணில் சான்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை நம்பி, பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் எழுந்தன. அவற்றை நட்டவர்களில் நூற்பாலைக்காரர்களும் பனியன் முதலாளிகளும் ஏராளம். காற்றாலையில் போட்ட முதலில் 80 சதவீதம் வரை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகை அவர்களை அங்கே கொண்டுவந்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்த கொங்கு வணிகருக்கு அது புரிந்தது, துணிந்து இறங்கினார். அரசு விட்டுக்கொடுத்த வரியை இந்த நாடு தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பருவநிலை நிதி என்றே சொல்ல வேண்டும். இன்று காற்று மின்சாரத்தில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

வெளியிலிருந்து வந்த வாய்ப்பின் கதை வேறு. கியோட்டோ ஒப்பந்தத்தின்படி, வளரும் நாடுகளில் குறைக்கப்படும் கரியமில வாயுவுக்குச் சான்றுச் சீட்டு கிடைத்தது; பணக்கார நாடுகள் அதை விலைக்கு வாங்கின. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒன்றாகத் தொகுத்து அந்தத் திட்டத்தில் பதிவு செய்தது. தனித்தனியாக மனுப்போட முடியாத சிறிய ஆலைகள் கூட்டாகச் சேர்ந்து உலகச் சந்தையை எட்டிய அருமையான முயற்சி அது. 2008-ல் ஒரு சீட்டு இருபது யூரோவுக்கு மேல் விற்றது. 2012 முடியும்போது அது ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்துவிட்டது. வாங்குவதாகச் சொன்னவர்கள் தங்கள் இலக்குகளைத் தளர்வாக வைத்துக்கொண்டதும், ஐரோப்பாவின் பொருளாதாரம் சுருங்கியதும் அதற்குக் காரணங்கள். இங்கே காற்றாலை நட்டவர் எந்தத் தவறும் செய்யவில்லை. விலை இறங்கும்போதெல்லாம் நட்டம் இங்கேயே தங்கும்படி அமைந்த சந்தையை நம்பி ஒரு நாட்டின் தாங்குதிறனைக் கட்ட முடியாது என்ற பாடம் மட்டும் மிஞ்சியது.

இப்போது அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. 2018-ல் போலந்தின் கட்டோவித்செ மாநாட்டில் உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. 2030-க்குள் உமிழ்வைக் கணிசமாகக் குறைப்போம், 2050-க்குள் நிகரச் சுழியம் ஆக்குவோம் என்றன. ஒரு சட்டையின் உமிழ்வில் பெரும்பங்கு நூற்பிலும் பின்னலிலும் சாயத்திலும் உண்டாகிறது. அதாவது திருப்பூரிலும் டாக்காவிலும் உண்டாகிறது. இலக்கை அறிவிப்பது ஒரு நாட்டில், அதை நிறைவேற்றும் செலவு இன்னொரு நாட்டில். கொதிகலனை மாற்று, கூரையில் சூரியத் தகடு போடு, தரவு கொடு, தணிக்கை செய் என்று பையர், அதாவது வாங்குபவர், கேட்கிறார். விலையை ஏற்றித் தருவதைப் பற்றிய பேச்சு ஆர்டரில் இல்லை. 2011-ல் நொய்யலில் நடந்தது இன்னொரு முறை நடக்கக் கூடாது என்றால், இதை இப்போதே பேசித் தீர்க்க வேண்டும்.

வானிலையும் காத்திருக்கவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கமான அளவில் பாதியைக்கூட எட்டாமல் போனது. 2022 மே மாதம் பருத்தி கண்டி ஒன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, நூல் விலையைத் தாங்க முடியாமல் திருப்பூர் வேலைநிறுத்தம் செய்தது. விளைச்சல் குறைவு அந்த ஏற்றத்தின் காரணங்களில் ஒன்று. காட்டில் பெய்யாத மழையும் தவறிப் பெய்த மழையும் பனியன் கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு வந்து சேர இப்போது ஒரு பருவம் போதும். தகரக் கூரைக்குக் கீழே, இஸ்திரி மேசையின் ஆவிக்கு நடுவே, பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கு வெப்பம் நேராகக் கூலியில் கை வைக்கிறது. கைவேகம் குறைந்தால் அன்றைய வருமானம் குறையும். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல தொடக்கம். ஆனால் உயிரோடு இருந்து ஒன்றரை ஷிப்டு உழைப்பவரின் இழப்புக்கு அதில் இடம் இல்லை. குஜராத்தில் சேவா அமைப்பு தன் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு காப்பீட்டை நடத்துகிறது. வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால், விண்ணப்பம் இல்லாமலே அவர்கள் கணக்குக்குப் பணம் போகும். அப்படி ஒன்று திருப்பூருக்கு வேண்டும்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷ்ரோடர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு வங்கதேசம், கம்போடியா, பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளை எடுத்துக்கொண்டது. வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் தயாராகாவிட்டால், 2030-க்குள் அவற்றின் ஆடை ஏற்றுமதியில் 6,500 கோடி டாலர் வரை வருவாய் குறையலாம் என்று அது கணித்தது. திருப்பூர் இந்த நாடுகளைப் போட்டியாளர்களாகவே பார்த்துப் பழகியிருக்கிறது. பருவநிலையால் மிக எளிதில் பாதிக்கப்படும் நாடுகளின் நிதியமைச்சர்கள் 2015-ல் தொடங்கிய வி20 குழுவில் வங்கதேசமும் வியட்நாமும் தொடக்கத்திலேயே இருந்தன. கம்போடியாவும் இலங்கையும் பின்னர் சேர்ந்தன. கடன் சுமை ஏறாமல் நிதி வேண்டும் என்று அவை வாதாடுகின்றன. இந்தியா அதில் இல்லை. இந்தியா பெரிய பொருளாதாரம், வேறு மேசையில் அமர்கிறது. ஆனால் ஒரு நாடு தொழிலாளியின் பாதுகாப்புக்கும் ஆற்றின் தூய்மைக்கும் செலவு செய்தால், ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் எல்லோரையும் ஒரே கட்டில் கட்டி வைத்திருக்கிறது. திருப்பூர் சாயக்கழிவுக்குச் செய்த செலவே அதற்குச் சான்று. போட்டியாளர்கள் ஒன்றாகக் கேட்டால் மட்டுமே இந்தக் கட்டு அவிழும்.

ஒன்றாகக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு 200-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலைகளைப் பாதுகாப்பாக்கும் செலவைச் சமாளிக்கும் வகையில் வணிக நிபந்தனைகளை அமைப்பது வாங்குவோரின் கடமை என்று அதில் எழுதப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மேற்பார்வையில் பாதிக்கப்பட்டோருக்கான 3 கோடி டாலர் நிதியும் 2015-ல் நிறைவு பெற்றது. கடல் தாண்டி நீளாத நீதிமன்றத்தின் கையை ஓர் ஒப்பந்தம் நீட்டிக் காட்டியது. கட்டடம் இடிவதற்கு இப்படி ஒன்று இருக்க முடியும் என்றால், வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் இருக்க முடியாதா?

எனவே திருப்பூர் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஆடை வாங்கும் நிறுவனங்கள் தங்கள் பருவநிலை இலக்குக்கான செலவில் ஒரு பங்கை ஒவ்வொரு ஆர்டரின் விலையிலேயே, தனிக் கணக்காக, ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். பசுமைப் பருவநிலை நிதியத்தின் அங்கீகாரம் பெற்ற சிட்பியும் நபார்டும் இங்கே இருக்கின்றன. அவற்றின் வழியாக வரும் பணம் பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல், பத்துத் தையல் இயந்திரம் வைத்து ஜாப் ஒர்க் செய்பவரின் கூரை வரை இறங்க வேண்டும். நூற்பாலைகள் காற்றாலைக்குச் செய்ததைப் போல, அவர்களைத் தொகுத்து ஒரே மனுவாக்கும் பொறுப்பைச் சங்கங்கள் ஏற்கலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் புதுப்பிக்கும் பணம் மானியமாக வர வேண்டும். ஒருமுறை கடனில் ஆற்றைத் தூய்மை செய்த ஊரை இன்னொரு முறை கடனில் தள்ளக் கூடாது.

இவற்றைக் கேட்கும் தகுதி திருப்பூருக்கு உண்டு, ஏனென்றால் தன் பங்கை அது கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தத் தகுதி முழுமை பெற, கொடுக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உவர்ந்த நிலம் இன்னும் முழுதும் மீளவில்லை. மழைநாளில் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறை ஒன்று இருந்தாலும் அது நொய்யல் விவசாயிக்கும் துரோகம், முறையாகச் செலவு செய்யும் பக்கத்துப் பட்டறைக்கும் துரோகம். வெளியூர்த் தொழிலாளி தங்கும் அறையில் காற்று இல்லை, காப்பீடு இல்லை என்றால், பையரிடம் நாம் கேட்கும் நியாயம் நம் வாசலிலேயே மறுக்கப்படுகிறது. மேலே உள்ளவரிடம் கேட்கும் அதே அளவுகோலால் கீழே உள்ளவருக்கும் கொடுக்கும்போதுதான் ஈடு கேட்கும் குரலை உலகம் மறுக்க முடியாமல் போகும். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பணக்காரர்களும் இல்லை, பலம் படைத்தவர்களும் இல்லை. விடாமல் கேட்டார்கள், சான்றோடு கேட்டார்கள், கிடைத்தது. அவர்களிடம் தோற்ற திருப்பூர், அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டு உலகத்திடம் கேட்க வேண்டிய காலம் இது.